ஸ்டீல் கிட்டாருக்கு முதலில் டிலே வாங்குவதா, ரிவெர்ப் வாங்குவதா?

டிலே, அதாவது வாசித்ததைச் சற்றுப் பொறுத்து எதிரொலியாகத் திருப்பித் தருவது. ஒரு பெடல்தான் (ஒலியை மாற்றும், காலால் இயக்கும் சிறு பெட்டி) வாங்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆம்பிலேயே (ஒலிபெருக்கியிலேயே) ஸ்பிரிங் ரிவெர்ப், அதாவது கம்பிச்சுருளால் அறையின் முழக்கத்தைப் போலச் செய்யும் வசதி இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டாலும் டிலேயை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டலாம்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். பெடல் ஸ்டீல் (தன் கால் பெடல்களால் தந்திகளின் சுருதியை மாற்றும் ஸ்டீல் கிட்டார்) வாங்கிய கையோடு, விதவிதமான ரிவெர்ப்கள் அடங்கிய ஒரு பெடலையும் வாங்கினேன். தனியாக வாசிக்கும்போது அது சொர்க்கம். குழுவோடு ஒரு மெதுவான பாட்டு வாசித்த அன்று, கீபோர்டு வாசிப்பவர் பாதியில் கையை எடுத்துவிட்டு, "சுருதி சேர்த்தீங்களா இல்லையா?" என்றார். ட்யூனரைக் காட்டினேன், எல்லாத் தந்தியும் சரியாக இருந்தது. ரிவெர்ப்பை அணைத்துவிட்டு அதே இடத்தை மறுபடி வாசித்தேன். அவரிடமிருந்து சத்தமே இல்லை.

ஏன் அப்படி என்று புரிய எனக்கு நாளாயிற்று. சாதாரண கிட்டாரில் விரல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். ஸ்டீலில் தந்திகள்மேல் வைக்கும் பார் என்ற உலோகத் துண்டு வழுக்கிக்கொண்டு போகும், நடுவில் உள்ள சுருதி அத்தனையும் ஒலிக்கும். ரிவெர்ப் என்பது எண்ணற்ற எதிரொலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலங்கிப்போன ஒலி. பார் புது இடத்துக்குப் போய் நின்ற பிறகும், வழியில் உதிர்த்துவிட்டு வந்த சுருதிகள் பின்னால் முனகிக்கொண்டே இருக்கும். வாத்தியத்தின் பெடலை மிதித்தாலும் இதே கதைதான். ஈ9 என்ற சுருதி அமைப்பில் ஏ, பி இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் ஈ மேஜர் கார்டு அப்படியே ஏ மேஜராக மாறும். நீளமான ரிவெர்ப் வாலில் பழைய ஜி ஷார்ப் இன்னும் உயிரோடு இருக்கும், அதன்மேல் புது ஏ வந்து உட்காரும். அரைச்சுர வித்தியாசம். அந்தக் கீபோர்டுக்காரர் காதில் விழுந்தது அதுதான்.

டிலே அப்படிக் கலக்காது. நீங்கள் வழுக்கியதை, வழுக்கியபடியே, ஒரு தடவை சன்னமாகத் திருப்பிச் சொல்லும். நடுவில் மூச்சு விட இடம் இருக்கும். பின்பாட்டு பாடுகிற மாதிரி கேட்கும், அழுக்காகக் கேட்காது.

என் அமைப்பு: நேரம் 350 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில், திரும்பி வருவது ஒன்று அல்லது இரண்டு தடவை, மிக்ஸ் (எதிரொலியின் பங்கு) 15 முதல் 20 சதவீதம். வாசிக்கும்போது டிலே இருப்பதே தெரியக்கூடாது. அணைத்தால் மட்டும் ஒலி திடீரென்று வறண்டுபோக வேண்டும். தாளத்தோடு பொருத்த ஆசைப்பட்டால் 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதால் வகுங்கள். 80 பீட் என்றால் 750 மில்லிசெகண்ட், அதில் பாதி 375. ஆனால் மெதுவான பாட்டில் நான் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைப்பேன். அச்சாகப் பொருந்தினால் எதிரொலி டிரம்ஸுக்குள் ஒளிந்துகொள்கிறது. வேகமான பாட்டுக்கு 100 முதல் 130 மில்லிசெகண்ட் வரையிலான ஸ்லாப்பேக் (சட்டென்று திரும்பும் எதிரொலி), ஒரே ஒரு தடவை.

அனலாகா டிஜிட்டலா என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உண்மை. ஸ்டீலின் மேல் தந்திகள் காதைக் குத்தும். எதிரொலியும் அதே கூர்மையோடு திரும்பி வந்தால் அடுத்த ஸ்வரத்தோடு போட்டி போடும். காந்த நாடாவில் பதிந்து திருப்பித் தரும் டேப் எக்கோவும் பழைய அனலாக் பெடல்களும் எதிரொலியை மங்கலாக்கித்தான் தருகின்றன. அந்த மங்கல் இந்த வாத்தியத்துக்கு வரம். பாஸ் நிறுவனத்தின் பழைய டிஎம்-2 அனலாக் பெடலுக்கு 300 மில்லிசெகண்ட்தான் உச்சம். 1983-இல் வந்த பாஸ் டிடி-2 அதை 800 வரை கொண்டுபோனது, ஆனால் எதிரொலி பளிச்சென்று இருக்கும். இன்றைய டிஜிட்டல் பெடல்களில் டோன் குமிழ் இருந்தால் பாதிக்குக் கீழே இறக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. எதிரொலியின் சுருதியை ஆட்டும் மாடுலேஷன் என்று ஒரு குமிழ் இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஆட்டத்தை உங்கள் கை பாரில் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது, பெடல் தன் பங்குக்கு வேறு ஆட்ட வேண்டாம்.

பெடல் தேர்வைவிட முக்கியமானது அதை எங்கே செருகுகிறீர்கள் என்பது. கிட்டாரிலிருந்து முதலில் வால்யூம் பெடல், அப்புறம் டிலே, கடைசியில் ரிவெர்ப், பிறகு ஆம்ப். ஸ்டீல் வாசிப்பவர் வால்யூம் பெடலை முழுக்க அமுக்கி வைப்பதில்லை. பாதியில் வைத்து மீட்டி, தந்தி ஓய ஓயக் காலால் ஏற்றிக்கொண்டே போவார், நாதம் நீளும். டிலேக்குப் பின்னால் இந்தப் பெடல் இருந்தால், காலைத் தூக்கும்போதெல்லாம் எதிரொலியின் கழுத்தும் சேர்ந்து நெரிபடும். எதிரொலிகளின் அளவும் காலோடு சேர்ந்து ஏறி இறங்கும். முன்னால் இருந்தால் காலைத் தூக்கிய பிறகும் வால் தானாக அடங்கும். இன்னொரு லாபமும் உண்டு: ஸ்டீல் பிக்கப்புகள் பொதுவாகச் சத்தமானவை, சில டிஜிட்டல் பெடல்களின் வாயில் நேராகச் செருகினால் ஒலி கிழியும். பாதி திறந்த வால்யூம் பெடல் அதைத் தணித்து அனுப்புகிறது.

ரிவெர்ப்புக்கு வருவோம். ஸ்பிரிங் போதும். ஒரு முனையில் கம்பிச்சுருளை ஆட்டி மறுமுனையில் அந்த அதிர்வைப் பிடிக்கிற எளிய சங்கதி. ஃபெண்டர் நிறுவனம் 1961-இல் தனிப் பெட்டியாகவும் 1963 முதல் ஆம்புக்குள்ளேயும் வைத்துத் தந்தது. விரல் பிக்கோடு ஓங்கி மீட்டினால் ஸ்பிரிங் 'ப்ளிச்' என்று தெறிக்கும். வால்யூம் பெடலால் மீட்டலின் முனையை மழுக்கி வாசிக்கும்போது அந்தத் தெறிப்பு காணாமல் போய்விடும், அதனால்தான் இந்த ஜோடி இவ்வளவு ஒத்துப்போகிறது. ரிவெர்ப் பெடல்தான் வேண்டும் என்றால் பிளேட் (உலோகத் தகட்டின் முழக்கத்தைப் போன்ற) வகை, ஒன்றரை நொடிக்கு மேல் வேண்டாம். ஹால், ஷிம்மர் போன்ற மற்ற ரிவெர்ப் வகைகள் எல்லாம் படம் காட்டத்தான். ஆம்பியன்ட் இசை வாசிப்பவர் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள், உங்களுக்குக் கலங்கல்தான் சரக்கே.

குமிழ்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிவு செய்யாதீர்கள். நமக்கு ஆம்ப் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் இருக்கும், நேரடி ஒலிதான் அதிகம் காதில் விழும். கேட்பவருக்கு அந்த அறையின் எதிரொலியும் சேர்ந்து போகிறது. ஒருநாள் போனை அறையின் கடைசி நாற்காலியில் வைத்துப் பதிவு செய்தேன். 4-இல் வைத்து 'இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலாம்' என்று நான் நினைத்திருந்த ரிவெர்ப், அந்தப் பதிவில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. அப்போது 2-க்கு இறக்கினேன். டிலேயில் கைவைக்கவில்லை.