சம்பந்தி வீட்டாரோடு கிறிஸ்துமஸ், கூடவே ஹனுக்கா

கேள்வி: மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள்; மருமகன் யூதர். 2027 கிறிஸ்துமஸுக்கு அங்கே போகிறோம், சம்பந்தியும் வருகிறார்கள். அவர்களுடைய எட்டு நாள் விளக்குத் திருவிழாவான ஹனுக்காவும் 24ஆம் தேதி மாலையே தொடங்குகிறதாம். அவர்கள் கோஷர் என்ற யூத உணவு விதிப்படி சாப்பிடுபவர்கள். விளக்கு எப்படி ஏற்றுவார்கள்? நாங்கள் என்ன சமைக்கலாம்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 2027 டிசம்பர் 24 வெள்ளிக்கிழமை. அன்று பொழுது சாய்ந்ததும் யூதர்களின் ஓய்வுநாள் பிறந்துவிடும். அதன்பின் நெருப்பு பற்றவைக்கக் கூடாது. டிசம்பரில் நியூ ஜெர்சியில் நாலரை மணிக்கே சூரியன் மறையும். ஆகவே நாலேகாலுக்குள் ஹனுக்கா விளக்கு, அதன் பிறகே ஓய்வுநாள் விளக்கு. வரிசை மாறக் கூடாது.

விளக்குக்கு ஒன்பது குழி: எட்டு நாளுக்கு எட்டு, மற்றதை ஏற்றுவதற்கான ‘ஷமாஷ்’ ஒன்று. முதல் நாள் வலக்கோடியில் ஒரு மெழுகுவத்தி, பிறகு நாளுக்கு ஒன்றாக இடப்பக்கம் கூட்டிக்கொண்டே போவார்கள். ஏற்றுவது இடமிருந்து வலம், அன்றைக்குப் புதிதாக வைத்ததை முதலில். எட்டு நாளைக்கும் 44 வேண்டும்; கடைப் பெட்டியில் அத்தனைதான் இருக்கும், ஒன்று முறிந்தால் கடைசி நாள் முழிக்க வேண்டியதுதான். இருட்டிய பிறகும் அரை மணி எரிய வேண்டும் என்பது விதி. பெட்டி மெழுகுவத்தி அரை மணியில் தீர்ந்துவிடும், எனவே வெள்ளிக்கு மட்டும் தகரக் கிண்ணி டீ லைட் வாங்குங்கள். 25 சனி, நட்சத்திரம் தெரிந்த பிறகே இரண்டாம் நாள் விளக்கு.

சம்பந்தி ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் என்றால் கார் எடுக்க மாட்டார், சுவிட்சைத் தொட மாட்டார். படுக்க இடம் ஒதுக்கிவிட்டு, மரத்துச் சீரியல் பல்பை டைமரில் போட்டுவிடுங்கள்.

அடுக்களைக்கு வருவோம். இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது. கோழியும் இறைச்சிக் கணக்குதான். மட்டன் பிரியாணி என்றால் நெய் இல்லை, ஊறவைக்கத் தயிர் இல்லை, தயிர்ப் பச்சடி இல்லை, வெண்ணெய் கேக்கும் இல்லை. இவ்வளவையும் இழந்து பிரியாணி எதற்கு? மீனுக்கு மாறுங்கள். துடுப்பும் செதிலும் உள்ள மீனுக்குத் தடை இல்லை: வஞ்சிரம் சரி, இறால், நண்டு, கணவாய் கூடாது. மீன் குழம்பு என்றால் தயிரும் கேக்கும் மேஜையில் இருக்கலாம் என்பதே பெரும்பாலோர் வழக்கம். கேக் பழங்களை ரம்மில் ஊறவையுங்கள். பிராந்தி திராட்சையிலிருந்து வருவதால் அதற்குத் தனி கோஷர் முத்திரை வேண்டும்.

ஒரு நாளைக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாகச் சொல்லும் நினைவே ஹனுக்கா. அதனால் எண்ணெயில் பொரித்த பண்டம்தான் அதன் அடையாளம். உங்கள் ஊர் முந்திரிக்கொத்துக்கும் அச்சுமுறுக்குக்கும் இதைவிட நல்ல மேஜை கிடைக்காது! தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது. முட்டையை மட்டும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள், ரத்தப் பொட்டு இருந்தால் விலக்கிவிடுவார்கள்.

அவர்கள் எண்ணெயில் பொரிக்கும் உருளைக்கிழங்கு அடையான லாட்கேவுக்கு: துருவிய உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 1, முட்டை 2, மட்ஸா மாவு (புளிப்பில்லா அப்பத்தின் பொடி) கால் கப், உப்பு. துருவலைத் துணியில் முறுக்கிப் பிழியுங்கள். ஈரம் நின்றால் வாணலியில் உதிர்ந்துபோகும். பிழிந்த நீரைப் பத்து நிமிடம் வைத்து மேல்நீரை வடித்தால் அடியில் வெள்ளை மாவு தங்கும். அதைத் திரும்பச் சேருங்கள், பிடிப்பு அதில்தான். வெங்காயத்தைக் கூடவே துருவினால் கிழங்கு சீக்கிரம் கறுக்காது.

ஆனால் மகள் வீட்டுப் பாத்திரமும் அடுப்பும் கோஷர் இல்லையென்றால், இத்தனையும் செய்தாலும் அவர்கள் தொட மாட்டார்கள். கிளம்பும் முன் மருமகனிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் ஆறு முனை நட்சத்திரம் வைத்தால் வீட்டுக்கு வரும் யூத விருந்தினருக்கு மகிழ்ச்சியாக இருக்குமா? இரவு ஜெபத்துக்கு அழைக்கலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: வைக்காதீர்கள். ஆறு முனை என்பது யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம்; அதைக் கிறிஸ்துமஸ் மரத்தில் ஏற்றுவது பல யூதர்களுக்கு உறுத்தும். ஐந்து முனையே இருக்கட்டும். ஹனுக்கா விளக்கு தனியே ஜன்னலோரம். குடிலை மறைக்கத் தேவையில்லை. ஜெபத்துக்கு அழையுங்கள், வற்புறுத்தாதீர்கள். சேர்ந்து வாசிக்க 23ஆம் சங்கீதம் பொருத்தம், அவர்கள் வேதத்திலும் எண்கூட மாறாது. அதை அவர்கள் முன்னால் ‘பழைய ஏற்பாடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்களுக்கு வேதமே அதுதான்.