நிரலாளர் மேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏபிஐ (நிரல்கள் தமக்குள் தரவு பரிமாறும் வழி) தரும் ஜேசான் (தரவை எழுத்தாக அடுக்கும் வடிவம்) தரவு ஒரே வரியாக நெருக்கியடித்துக்கொண்டு வருவதால், அதை இணையத்தில் உள்ள சீராக்கும் தளம் ஒன்றில் ஒட்டிப் படிப்பது என் வழக்கம். இப்படிச் செய்யக் கூடாது என்று எங்கள் குழுத் தலைவர் கண்டிப்பாகச் சொல்கிறார். அதில் அப்படி என்ன ஆபத்து இருக்கிறது?

பதில்: உங்கள் குழுத் தலைவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஒட்டும் தரவு உலாவிக்குள்ளேயே சீராக்கப்படுகிறதா, அல்லது அந்தத் தளத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறதா என்பதைத் திரையைப் பார்த்து அறிய முடியாது. இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேலை உலாவிக்குள்ளேயே முடிந்துவிடும் தளமாக இருந்தாலும், விளம்பரத்துக்காக அங்கே ஏற்றப்படும் பிற நிறுவனங்களின் நிரல்களும் அதே பக்கத்தில்தான் ஓடுகின்றன. போதாக்குறைக்குச் சில தளங்களில் 'சேமி' பொத்தானை அழுத்தியதும், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் எவருக்கும் திறக்கும் இணைப்பு ஒன்று உருவாகிவிடுகிறது.

வானிலைத் தரவை ஒட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் அலுவலக ஜேசானில் வாடிக்கையாளரின் மின்னஞ்சல் இருக்கும், தொலைபேசி எண் இருக்கும், பல சமயம், பயனர் யார் என்று சர்வருக்குக் காட்டும் அடையாளச் சீட்டான டோக்கனும் சேர்ந்தே வந்துவிடும். ஜேடபிள்யூடி வகை டோக்கன் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டுகளாக, பொருளற்ற எழுத்துக் குவியல்போலத் தோன்றும். வழக்கமாகப் புழங்கும் கையொப்பமிட்ட வகையில் அதன் நடுத்துண்டு, எவரும் திருப்பி மாற்றக்கூடிய பேஸ்64 முறையில் மாற்றி எழுதப்பட்டிருக்குமே தவிர மறையாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்காது; ஆகவே உள்ளே இருக்கும் பயனர் விவரத்தை எவரும் படித்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், காலாவதியாகும் வரை அந்த டோக்கனைக் கையில் வைத்திருப்பவர் அந்தப் பயனராகவே உங்கள் சர்வரிடம் பேச முடியும் என்பது.

இத்தனைக்கும் இந்த வேலைக்கு வெளித்தளமே தேவையில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவி ஜேசான் பதிலைத் தானாகவே மடித்து விரிக்கும்படி அடுக்கிக் காட்டிவிடும். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் 'ஃபார்மேட் டாக்குமெண்ட்' என்ற கட்டளை இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் வேலை செய்பவராக இருந்தால் ஜேக்யூ என்ற சிறு கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். அது அடுக்கிக் காட்டுவதோடு நிற்காமல், ஆயிரம் பதிவுகள் உள்ள பட்டியலிலிருந்து உங்களுக்கு வேண்டிய ஒரு புலத்தை மட்டும் ஒரே வரியில் பிரித்தெடுத்துத் தரும். பேஸ்64, ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடப்படும் நிலையான நீளமுள்ள குறி), நேர மாற்றம் போன்ற சில்லறை வேலைகள் அனைத்துக்கும் சைபர்செஃப் போதும். பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூ 2016-இல் திறமூலமாக, அதாவது நிரலை எவரும் பார்க்கும்படி, வெளியிட்ட கருவி அது. முழுவதும் உலாவிக்குள்ளேயே இயங்குவதால், பதிவிறக்கம் செய்து இணைய இணைப்பே இல்லாமலும் பயன்படுத்தலாம். உளவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் தரவை வெளியே அனுப்பாத கருவியைத் தந்திருப்பது வேடிக்கைதான்.

வேறு வழியில்லாமல் வெளித்தளத்தைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், உலாவியின் டெவலப்பர் கருவிகளில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பொய்த் தரவு ஒன்றை ஒட்டிப் பாருங்கள். ஒட்டியவுடன் அது வெளியே அனுப்பப்பட்டால் அங்கே ஒரு வரி தோன்றும். ஆனால் இன்று தோன்றவில்லை என்பதற்காக நாளையும் தோன்றாது என்று கொள்ள முடியாது.

கேள்வி: நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், இரண்டு நாள் வேலையைப் பல கமிட்டுகளாக, அதாவது பதிவுகளாக, சேர்த்து வைத்திருந்தேன். கமிட்டுகள் தொடராக அமையும் கிளையை ஒழுங்குபடுத்துவதாக எண்ணி 'கிட் ரீசெட்' கட்டளையை 'ஹார்ட்' தெரிவுடன் இயக்கியதில் எல்லாம் மறைந்துவிட்டது. மீட்க வழியுண்டா?

பதில்: கமிட் செய்திருந்தீர்கள் அல்லவா, அப்படியானால் நிம்மதியாக இருங்கள். அந்தக் கட்டளை கிளையின் முனையைப் பழைய கமிட்டுக்கு நகர்த்தியதே தவிர, இடையில் இருந்த கமிட்டுகளை உடனே அழித்துவிடவில்லை. 'கிட் ரீஃப்லாக்' என்று இயக்கினால், 'ஹெட்' என்ற சுட்டி இதுவரை எந்தெந்தக் கமிட்டில் நின்றது என்ற பட்டியல், அண்மையது மேலே இருக்கும்படி வரும். ரீசெட் என்று குறிப்பிட்டுள்ள வரிக்கு அடுத்து, அதன் கீழே இருப்பதுதான் பெரும்பாலும் நீங்கள் தேடும் கமிட். அதன் அடையாளக் குறியைக் கொடுத்து, அங்கிருந்து புதிய கிளை ஒன்றை உருவாக்குங்கள். மீண்டும் ரீசெட் செய்வதைவிட இது பாதுகாப்பானது. தவறான வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் கிளையை நீக்கிவிட்டு வேறொன்றை முயலலாம்.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளுக்கான ரீஃப்லாக் பதிவுகளை கிட் இயல்பாக 30 நாள்தான் வைத்திருக்கும். இந்தப் பட்டியல் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கிறது என்பதால், களஞ்சியக் கோப்புறையை அழித்துவிட்டு சர்வரிலிருந்து மறுபடியும் நகலெடுத்தால் (குளோன் செய்தால்) அதுவும் போய்விடும். பதற்றத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

கமிட் செய்யாத மாற்றங்கள் தொலைந்திருந்தால் கதை வேறு. அடுத்த கமிட்டுக்கெனக் கோப்பைச் சேர்க்கும் 'கிட் ஆட்' வரையாவது செய்திருந்தால் 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை 'லாஸ்ட் ஃபவுண்ட்' தெரிவுடன் இயக்கிக் கோப்பின் உள்ளடக்கத்தைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் கோப்பின் பெயர் கிடைக்காது. அதுவும் செய்யவில்லை என்றால் கிட்டிடம் கேட்டுப் பயனில்லை. விஎஸ் கோடில் எழுதியிருந்தால் 'டைம்லைன்' பகுதியைப் பாருங்கள். 2022 முதல் அந்த எடிட்டர், நீங்கள் சேமிக்கும்போதெல்லாம் கோப்பின் பழைய வடிவங்களைத் தானே எடுத்து வைத்துக்கொள்கிறது.

கேள்வி: எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே செயலியில் பூட்டி வைப்பது, திருடனுக்கு வேலையை எளிதாக்குவது ஆகாதா?

பதில்: இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. கடவுச்சொல் காக்கும் செயலியை நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து 2022-இல் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்கள் திருடப்பட்டன. கடவுச்சொற்கள் மறையாக்கப்பட்டிருந்தாலும் தள முகவரிகள் மறையாக்கப்படாமல் இருந்தன. எனினும், ஒரே கடவுச்சொல்லைப் பத்துத் தளங்களில் பயன்படுத்துவதுதான் இன்னும் பெரிய ஆபத்து. அவற்றுள் மிகப் பலவீனமான தளம் உடைந்தாலே மற்ற ஒன்பதும் திறந்துகொள்ளும். பெட்டகம் திருடப்பட்டாலும் உங்களைக் காப்பது முதன்மைக் கடவுச்சொல்லின் நீளம்தான். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து அதை அமைத்துக்கொள்ளுங்கள், வேறெங்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இத்தகைய செயலிகளில் கீபாஸ் எல்லாவற்றையும் மறையாக்கப்பட்ட ஒரே கோப்பாக உங்களிடமே விட்டுவிடும். அதைப் பேணுவதும் உங்கள் பொறுப்பு. பல சாதனங்களில் வேலை செய்பவருக்கு பிட்வார்டன் வசதியாக இருக்கும். அது திறமூலம், விரும்பினால் சொந்த சர்வரிலும் நிறுவலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள்.

உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க, கணினிப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹண்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சேவை இருக்கிறது. அதன் வேலை முறையே அழகானது: கடவுச்சொல்லை உங்கள் உலாவி 40 எழுத்து ஹாஷாக மாற்றி, அதில் முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்பும், அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்கள் எல்லாவற்றையும் சேவை திருப்பித் தரும், ஒப்பிடும் வேலை உங்கள் பக்கத்திலேயே நடக்கும். தேடப்பட்ட கடவுச்சொல் எது என்பது அந்தச் சேவைக்கே தெரியாது.

கேள்வி: குறிப்பெடுக்க எந்தச் செயலி சிறந்தது? நோஷன், ஆப்சிடியன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: குழுவாகச் சேர்ந்து எழுதுவதற்கு நோஷன், தனியாக எழுதுவதற்கு ஆப்சிடியன் என்பது என் பரிந்துரை. ஆப்சிடியன் ஒவ்வொரு குறிப்பையும் உங்கள் கணினியிலேயே மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்பாக வைத்திருப்பதால், செயலியே நின்றுபோனாலும் எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். நோஷனின் சேமிப்பு அவர்கள் சர்வரில். பல லட்சம் குறிப்புகள் சேர்ந்த பின் தவிப்பதைவிட, நான்கைந்து குறிப்புகள் எழுதியவுடனேயே ஏற்றுமதி செய்து, வெளியே வந்தது படிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. தளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது, தங்கள் சந்தாப் பட்டியலை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொண்டவர்கள் வேறு செயலிக்குச் சிரமமின்றி மாறிவிட்டார்கள்.

கேள்வி: பொமொடோரோ முறைக்குக் கட்டணச் செயலி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துத் தொடங்கிய முறை அது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, அவ்வளவே. கைப்பேசியில் உள்ள கடிகாரம் தாராளமாகப் போதும். பிழை தேடும் வேலையில் மூழ்கியிருக்கும்போது 25 நிமிடம் எனக்குக் குறைவாகவே படுகிறது. 50 ஆக்கிக்கொள்வதில் தவறில்லை.

கேள்வி: என் கோப்புறைகள் எல்லாம் கிளவுடோடு தானாக ஒத்திசைகின்றன. தனியாக பேக்கப் வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக வேண்டும். ஒத்திசைவு என்பது மாற்றத்தை எல்லா இடங்களுக்கும் பரப்பும் வேலை. நீங்கள் கைதவறி அழித்ததையும் அது அதே விசுவாசத்தோடு பரப்பும். பழைய வடிவங்களைச் சேவைகள் சில காலம் வைத்திருப்பது உண்மை என்றாலும், அந்தக் காலக்கெடு உங்கள் கையில் இல்லை. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி இன்றும் செல்லும். ரெஸ்டிக் என்ற இலவசக் கருவி மறையாக்கம் செய்து, மாறிய பகுதிகளை மட்டும் சேமிப்பதால் இடமும் மிச்சமாகும்.

பேக்கப் எடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நிரல் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துப் பேணும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். அன்றாட பேக்கப்பைத் தேடிப் போனபோதுதான், கருவியின் பதிப்புப் பொருந்தாமையால் அது தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த வேறொரு நகல் இருந்ததால் ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு இழப்போடு தப்பினார்கள். நடந்ததை மறைக்காமல் முழுவதுமாக வெளியிட்டது அவர்களின் பெருந்தன்மை. நீங்கள் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்புறையை வேறு கணினியில் மீட்டெடுத்து, உள்ளே இருக்கும் நிரல் அங்கே ஓடுகிறதா என்று இயக்கிப் பாருங்கள்.