டூல்ஸ் இல்லாத மெஷின்கள்: கணினி கேள்வி பதில்

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். விஎம்வேரில் 60 விர்ச்சுவல் மெஷின்கள் (சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினிகள்) ஓடுகின்றன. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போட வேண்டிய விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளைப் போடாதவை எவை என்று மேனேஜர் பட்டியல் கேட்கிறார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டுமா? எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, டூல்ஸ் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் சார்?

– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஓர் அலுவலகத்தில், உச்சி வெயில் நேரத்தில் கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் தீரப்போகிற கட்டத்தில் எல்லா மெஷின்களுக்கும் ஷட்டவுன் கட்டளை போனது. டூல்ஸ் இருந்தவை ஒழுங்காக மூடிக்கொண்டன, ஏனென்றால் வெளியிலிருந்து வரும் அந்தக் கட்டளையை உள்ளே வாங்கிச் செய்வதே டூல்ஸ்தான். கணக்கு மெஷினில் அது இல்லை. வயரைப் பிடுங்கின மாதிரி நின்றது. டேட்டாபேஸைச் சரிசெய்ய இரண்டு நாள் நானும் கூட உட்கார்ந்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பேக்கப் எடுக்கும்போது உள்ளே நடக்கிற எழுத்து வேலையை ஒரு நொடி நிறுத்திவைப்பதும், சர்வரில் மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தால் சும்மா கிடப்பதைத் திருப்பிக் கொடுப்பதும்கூட டூல்ஸ் வேலைதான்.

பட்டியல் எடுப்பது சுலபம். விஎம்வேரை நிர்வகிக்கும் திரையான விஸ்பியர் கிளையன்ட்டில் மெஷின்களின் பட்டியலுக்குப் போய் டூல்ஸ் ஓடுகிறதா, எந்த வெர்ஷன் என்று காட்டும் இரண்டு நெடுவரிசைகளையும், மறக்காமல் பவர் நிலை (மெஷின் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா) நெடுவரிசையையும் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். விஎம்வேர் மெஷின்களின் விவரங்களைப் பட்டியலிடும் ஆர்விடூல்ஸ் மென்பொருளில் இதற்கென்றே தனி டேப் உண்டு. மாதாமாதம் கேட்பார்கள் என்றால் விஎம்வேருக்குக் கட்டளை எழுதும் கருவியான பவர்சிஎல்ஐயில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் நிலையை ஏன் சேர்க்கச் சொன்னேன் என்றால், அணைத்து வைத்த மெஷினும் 'நாட் ரன்னிங்' என்றுதான் காட்டும். அதை 'நாட் இன்ஸ்டால்டு' கணக்கில் சேர்த்தால் பட்டியல் வீணாக நீளும். அதேபோல லினக்ஸில் 'கெஸ்ட் மேனேஜ்டு' என்று வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் டூல்ஸின் ஓபன் சோர்ஸ் வடிவமான ஓபன் விஎம் டூல்ஸ் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருந்தும் டூல்ஸே இல்லாதவற்றைப் பட்டியலில் மேலே வையுங்கள், அதிலும் டேட்டாபேஸ் மெஷின்கள் முதலில். விண்டோஸில் டூல்ஸ் போட்டால் பெரும்பாலும் ரீஸ்டார்ட் கேட்கும், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டெம்ப்ளேட், அதாவது புது மெஷின்களை நகலெடுக்க வைத்திருக்கும் மாதிரி மெஷின். அது மெஷின் பட்டியலில் வராது, தனியாகப் பார்க்க வேண்டும். அதில் டூல்ஸ் இல்லையென்றால் அதிலிருந்து நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு மெஷினும் அந்தக் குறையோடுதான் பிறக்கும்.

கேள்வி: விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு லினக்ஸ் போட்டேன். திரை சின்னதாகவே இருக்கிறது, காப்பி பேஸ்ட்டும் ஆகவில்லை.

– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: இங்கேயும் அதே கதைதான், பெயர் மட்டும் கெஸ்ட் அடிஷன்ஸ். முதலில் உபுண்டுவுக்குள் ஜிசிசி, மேக், கெர்னல் ஹெடர் மூன்றையும் (கெஸ்ட் அடிஷன்ஸை உபுண்டுவுக்கு ஏற்ப உருவாக்கத் தேவையானவை) போட்டுவிட்டு, டிவைசஸ் மெனுவில் இருக்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் திரை சரியாகிவிடும். காப்பி பேஸ்ட்டுக்கு அதே மெனுவில் ஷேர்டு கிளிப்போர்டை இரு பக்கமும் என்று மாற்ற வேண்டும்.