கணப்பில் போட்ட கூழாங்கல் வெடித்தது: கடைக்காரர் பொறுப்பா?

கேள்வி: குன்னூரில் எங்கள் வீட்டு ஃபயர்பிளேஸில் அழகுக்குப் போட, கோவையில் ஒரு தோட்ட அலங்காரக் கடையில் 2,400 ரூபாய்க்கு ஆற்றுக் கூழாங்கற்கள் வாங்கினேன். "நெருப்பில் போடலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "தாராளமா போடலாம் சார்" என்று பதில் வந்தது. போன மாதம் விறகு நன்றாகப் பற்றிய நேரத்தில் கல் வெடித்து, என் மாமியாரின் கன்னத்தில் சில்லு பாய்ந்தது. தையல் போட வேண்டியதாயிற்று. டிவி திரையும் உடைந்தது. "அது தோட்டத்துக்கான கல், நெருப்பில் போட்டது உங்கள் தப்பு" என்கிறார் கடைக்காரர். பில் தரவில்லை, ஜிபேயில்தான் பணம் கொடுத்தேன். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு வரி வாட்ஸ்அப் பதிலில்தான் இருக்கிறது. போனை மாற்றினாலும் அது அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக் கல்லின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் ஈரம் தங்கியிருக்கும். சூடேறும்போது அது நீராவியாகிப் பல நூறு மடங்கு விரியப் பார்க்கும். வெளியேற வழியில்லாவிட்டால் கல் வெடிக்கும். இதை வைத்தே கடைக்காரர் வாதாடுவார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (விற்ற பொருளால் நேர்ந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) நிற்காது. நீங்கள் கேட்காமலே போட்டிருந்தால், உங்களுக்குப் பெரிதாக நம்பிக்கை தந்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டீர்கள், அவர் போடலாம் என்றார். 86-ஆம் பிரிவு விற்பனையாளர் தானாகக் கொடுத்த உத்தரவாதத்துக்கும் அவரைப் பொறுப்பாக்குகிறது. கல்லைத் தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும் விற்றவர் தப்ப முடியாது. ஆற்றுக் கல்லுக்குத் தயாரிப்பாளரை எங்கே போய்த் தேடுவது?

பில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று இதே சட்டம் சொல்கிறது. ஜிபே பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் போதும். மாமியார் கல்லை வாங்கவில்லையே என்றும் கேட்பார்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். எனவே அவரையும் புகார்தாரராகச் சேர்த்துவிடுங்கள். காயம், மன உளைச்சல், டிவி சேதம் மூன்றுக்கும் இழப்பீடு கேட்கலாம்.

மிச்சக் கற்களைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெடித்த துண்டுகளோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். தேவைப்பட்டால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். தனியார் என்றால் டிஸ்சார்ஜ் சீட்டும் மருந்து பில்களும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டோடு 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழையும் (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க வேண்டிய சான்றிதழ்) இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பு வாயடைக்கும்.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். இறங்கி வரவில்லையென்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய சட்டம் இடம் தருகிறது. இழப்பீடு எவ்வளவு கேட்டாலும், புகார்க் கட்டணத்தைக் கணக்கிடுவது பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு.

ஒரு எச்சரிக்கை. அந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறீர்களா? அப்படியானால் வணிக நோக்கத்துக்காக வாங்கியது என்று ஆட்சேபம் வரும். சுயதொழிலாக உங்கள் பிழைப்புக்காகவே நடத்துகிறீர்கள் என்றால் அதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. புகாரிலேயே அதை எழுதிவிட வேண்டும்.

அப்புறம், மிச்சக் கற்கள் கணப்பில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இவ்வளவு நடந்த பிறகும் அதே கல்லில் இன்னொருவருக்குக் காயம் பட்டால், ஆணையம் உங்களைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கும். கல் இருந்தே ஆக வேண்டுமென்றால் நெருப்புக்கென்றே விற்கும் எரிமலைக் கல்லோ பீங்கான் கல்லோ வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முறை பில்லோடு, "நெருப்பில் பயன்படுத்தலாம்" என்று அதிலேயே எழுதி வாங்குங்கள்.