பிரைமரி கீ எதைத் தடுக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் நூல் வழங்குவதற்கு ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். காலையில் ஒரு நூலைத் திருப்பிக் கொடுத்த மாணவர் அன்று மாலையே அதை மீண்டும் கேட்டார். பதிவு செய்ய முயன்றபோது, 'டூப்ளிகேட் என்ட்ரி 10452-318-2024-07-15 ஃபார் கீ பிரைமரி' என்ற பிழைச் செய்தி வந்தது. மென்பொருளை எழுதியவர் அச்சிட்டுக் கொடுத்த அட்டவணை விவரத்தில், நூல் எண், உறுப்பினர் எண், வழங்கிய நாள் ஆகிய மூன்றுக்கும் நேரே 'பிஆர்ஐ' என்றும், துறை என்பதற்கு நேரே 'எம்யூஎல்' என்றும் இருக்கிறது. உறுப்பினர் எண்ணுக்குப் பிஆர்ஐ போட்டிருப்பதால் ஓர் உறுப்பினர் ஒரு முறைதான் நூல் வாங்கலாம் என்கிறார் எங்கள் உதவியாளர். ஆனால் நடைமுறையில் பலமுறை வாங்குகிறார்கள். இந்த விவரத்தை எப்படிப் படிப்பது?
– கல்லூரி நூலகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் உதவியாளரைக் குறை சொல்ல மாட்டேன். உங்களிடம் இருப்பது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'டிஸ்க்ரைப்' கட்டளை காட்டும் பட்டியல். அதைப் படிக்கும் எவரும் அவர் படித்தது போலத்தான் படிப்பார்கள். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவதும், பாடநூல்கள் முதன்மைத் திறவுகோல் என்று சொல்வதுமான பிரைமரி கீ ஒரே நெடுவரிசையாகவும் இருக்கலாம், பல நெடுவரிசைகள் சேர்ந்ததாகவும் இருக்கலாம். பல சேர்ந்ததாக இருக்கும்போது, அவை ஒவ்வொன்றுக்கும் நேரே பிஆர்ஐ (பிரைமரி என்பதன் சுருக்கம்) என்று இந்தப் பட்டியல் எழுதிவிடுகிறது. மூன்றும் சேர்ந்துதான் ஒரு கீ என்பதை அது எங்கும் சொல்வதில்லை.

உண்மையை உங்கள் பிழைச் செய்தியே சொல்லிவிடுகிறது. அதிலுள்ள எண்களைப் பிரித்துப் பாருங்கள்: 10452 நூல் எண், 318 உறுப்பினர் எண், எஞ்சியது வழங்கிய நாள். மூன்று மதிப்புகளையும் சிறு கோடிட்டு இணைத்து, 'இந்தச் சேர்க்கை ஏற்கெனவே இருக்கிறது' என்று தரவுத்தளம் மறுத்திருக்கிறது. உறுப்பினர் 318 எத்தனை நூல்கள் வேண்டுமானாலும் வாங்கலாம். நூல் 10452 எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் போய் வரலாம். அதே உறுப்பினர் அதே நூலை வேறொரு நாளில் மீண்டும் வாங்கலாம். ஒரே நாளில் இரண்டாம் முறை மட்டும் வாங்க இயலாது. அந்த மாணவர் அந்த ஒரு விலக்கில்தான் போய் முட்டிக்கொண்டார்.

எம்யூஎல் என்பது இன்னும் குழப்பமானது. 'ஒரே மதிப்பு பல வரிசைகளில் வரலாம்' என்பதுதான் அதன் பொருள். துறையின் பெயரைக் கொண்டு விரைவாகத் தேடுவதற்காக அங்கே ஓர் இன்டெக்ஸ் போடப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல்லில் 'கீ' என்ற சொல்லுக்கும் 'இன்டெக்ஸ்' என்ற சொல்லுக்கும் ஒரே பொருள் என்பதால், ஒரு வரிசையை இன்னதென்று அடையாளம் காட்டும் வேலையும், தேடலை விரைவாக்கும் வேலையும் ஒரே தலைப்பின்கீழ் வந்து நிற்கின்றன. 'பெரும்பாலும்' என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு மூன்று நெடுவரிசைகள் சேர்ந்து தனித்தன்மை உடையவை என்று யூனிக் கீ வரையறுத்திருந்தாலும், அவற்றுள் முதலாவதற்கு நேரே எம்யூஎல் என்றே அந்தப் பட்டியல் காட்டும். தடை இருக்கும் இடத்தில் தடை இல்லை என்று படிக்க வைக்கும் இந்தக் குறியை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது. மென்பொருளை எழுதியவரிடம் 'ஷோ கிரியேட் டேபிள்' கட்டளையின் விடையைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த நெடுவரிசைகள் எந்த வரிசைமுறையில் சேர்ந்து ஒரு கீ ஆகின்றன என்பது அதில் அடைப்புக்குறிக்குள் தெளிவாக இருக்கும்.

அதைவிட முக்கியமாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் அட்டவணைக்கும் மூன்று நான்கு வாக்கியங்களில் தமிழில் ஒரு விளக்கம் வேண்டும். உங்கள் வழங்கல் அட்டவணைக்கு அது இப்படி இருந்திருக்கலாம்: 'இந்த அட்டவணையின் ஒரு வரிசை, ஒரு நூற்பிரதி ஓர் உறுப்பினருக்கு ஒரு முறை வழங்கப்பட்டதைக் குறிக்கும். நூல் எண், உறுப்பினர் எண், வழங்கிய நாள் ஆகிய மூன்றும் சேர்ந்த சேர்க்கை ஒரு முறைதான் வரும். தனித்தனியே ஒவ்வொன்றும் எத்தனை முறையும் வரலாம். ஆகவே ஒரே பிரதியை ஒரே உறுப்பினர் ஒரே நாளில் இரண்டு முறை வாங்கியதாகப் பதிய இயலாது.'

இதில் கடைசி வாக்கியத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 'தனித்து அடையாளம் காட்டுவது' என்ற இலக்கணத்தை நூலகரிடம் சொன்னால் அவர் தலையசைத்துக் கேட்டுக்கொள்வார். 'ஒரே நாளில் இரண்டு முறை வழங்க முடியாது' என்று சொன்னால், 'அதெப்படி, காலையில் கொடுத்துவிட்டு மாலையில் கேட்பார்களே' என்று அந்த இடத்திலேயே மறுத்துப் பேசியிருப்பார். கீ எதைத் தடுக்கிறது என்பதை எழுதினால்தான், வேலையை அறிந்தவர் வடிவமைப்பில் உள்ள தவற்றைப் பிடிக்க முடியும்.

இனி அதைத் திருத்தும் வழி. வழங்கல் ஒவ்வொன்றுக்கும் தானாக ஏறும் ஒரு தொடர் எண் கொடுத்து, அதையே பிரைமரி கீ ஆக்குவதுதான் வழக்கம், செய்யலாம். ஆனால் தொடர் எண் எதையும் தடுக்காது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். திரும்பி வராத ஒரு பிரதியை இன்னொருவருக்கு வழங்கியதாகப் பதிந்தாலும் புதிய எண் ஒன்று கிடைத்துவிடும். உங்களுக்கு வேண்டிய உண்மையான விதி, 'ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும்' என்பது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், திரும்பிய நாள் காலியாக உள்ள வரிசைகளுக்கு மட்டும் பிரதி எண்ணைத் தனித்ததாக்கும் யூனிக் இன்டெக்ஸ் போடலாம். மைஎஸ்க்யூஎல்லில் அதற்கு நேர்வழி இல்லை. சற்றுச் சுற்றி, கணக்கிட்டு நிரப்பப்படும் நெடுவரிசை ஒன்றைக் கொண்டு செய்ய வேண்டும். எப்படிச் செய்தாலும் அந்த விதி விளக்கத்தில் தனி வாக்கியமாக இடம்பெற வேண்டும்.

கேள்வி: சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். அட்டவணைகளின் கீ வரையறைகள் பயனருக்கும் எனக்குப் பின் வரும் நிரலருக்கும் புரிய வேண்டும் என்று விரும்புகிறேன். கீ பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில், பெயர் என்று ஒன்று வையுங்கள். நீங்கள் வைக்காவிட்டால் தரவுத்தளம் வைத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, ஃபாரின் கீ (ஒரு நெடுவரிசையின் மதிப்பு இன்னோர் அட்டவணையில் இருக்க வேண்டும் என்னும் விதி) கட்டுப்பாட்டுக்கு அட்டவணையின் பெயரோடு 'ஐபிஎஃப்கே 1' என்று ஒட்டிவிடும். பிழை நேரும்போது திரையில் வருவது அந்தப் பெயர்தான். அதிலிருந்து எந்த விதி மீறப்பட்டது என்று எவராலும் அறிய முடியாது. 'வழங்கல்_உறுப்பினர்_இருக்க_வேண்டும்' என்ற வகையில் விதியையே பெயராக்கினால், பிழைச் செய்தி பாதி விளக்கமாகிவிடும்.

தமிழில் வைப்பதற்கு மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய இரண்டு தரவுத்தளங்களிலும் தடையில்லை. நீளத்தில்தான் கவனம் வேண்டும். மைஎஸ்க்யூஎல் 64 எழுத்துக்குறிகள் வரை ஏற்கும். போஸ்ட்கிரெஸ் கணக்கிடுவது எழுத்தையன்று, பைட்டை. அதன் வரம்பு 63 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். புள்ளிக்கும் உயிர்மெய்க் குறிகளுக்கும் தனித்தனியே 3 பைட் உண்டு என்பதால், நாம் ஓரெழுத்தாக எண்ணும் 'க்' அங்கே 6 பைட். 'வழங்கல்_நூல்_உறுப்பினர்_நாள்' என்ற பெயரில் 25 தமிழ்க் குறிகளும் 3 அடிக்கோடுகளும் உள்ளன. மொத்தம் 78 பைட். போஸ்ட்கிரெஸ் ஓர் அறிவிப்பை மட்டும் காட்டிவிட்டு அதன் வாலை வெட்டிவிடும். தொடக்கம் ஒன்றாக உள்ள இரு நீண்ட பெயர்கள் இப்படி வெட்டுப்பட்டால் ஒன்றோடொன்று மோதும். மேலே நான் சொன்ன 'வழங்கல்_உறுப்பினர்_இருக்க_வேண்டும்' என்பதும் அங்கே வெட்டுப்படும் பெயர்தான். ஆகவே போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோருக்கு, பெயரைச் சுருக்கமாக வைத்து, விளக்கத்தைக் குறிப்பில் தமிழில் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. 'கமென்ட் ஆன் கன்ஸ்ட்ரெயின்ட்' என்ற கட்டளையால் ஒவ்வொரு கீக்கும் அங்கே குறிப்பு எழுதலாம். மைஎஸ்க்யூஎல்லில் இன்டெக்ஸுக்கும் நெடுவரிசைக்கும் 1024 எழுத்துக்குறிகள், அட்டவணைக்கு 2048 வரை இடமுண்டு. ஃபாரின் கீக்கென்று தனியிடம் அங்கே இல்லாததால், அதன் விளக்கத்தை நெடுவரிசையின் குறிப்பில் எழுதுங்கள்.

ஃபாரின் கீயின் விளக்கத்தில் 'இந்த எண் உறுப்பினர் அட்டவணையில் இருக்க வேண்டும்' என்பதோடு நிறுத்தாதீர்கள். உறுப்பினரை நீக்கினால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டும். 'ஆன் டெலீட் கேஸ்கேட்' என்று வரையறுத்திருந்தால், படிப்பை முடித்துப் போன ஒரு மாணவரின் பெயரை நீக்கிய மறுகணம் அவருடைய வழங்கல் வரலாறு முழுவதும் சேர்ந்து அழிந்துவிடும். நீக்கும் பொத்தானை அழுத்தப் போகிறவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: மைஎஸ்க்யூஎல்லின் 9.0-க்கு முந்தைய பதிப்புகளில், நெடுவரிசையை வரையறுக்கும் வரியிலேயே 'ரெஃபரன்சஸ்' என்று எழுதினால், தரவுத்தளம் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் புறக்கணித்துவிடும். எழுதியவர் கீ இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். ஆகவே விளக்கத்தை நீங்கள் எழுதிய நிரலைப் பார்த்து எழுதாமல், தரவுத்தளம் திருப்பிக் காட்டும் வரையறையைப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: நூலகத் தரவுத்தளத்துக்கு ஐஎஸ்பிஎன் எண்ணைப் பிரைமரி கீயாக வைத்தால் என்ன? அது உலகம் முழுவதும் தனித்தது என்றுதானே சொல்கிறார்கள்?
– நூலக அறிவியல் மாணவி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் அட்டவணையின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? ஐஎஸ்பிஎன் குறிப்பது ஒரு பதிப்பை. அலமாரியில் இருப்பவை பிரதிகள். ஒரே நூலின் ஐந்து பிரதிகளை வாங்கினால் ஐந்துக்கும் ஒரே ஐஎஸ்பிஎன்தான் இருக்கும்; இரண்டாவது பிரதியையே பதிய முடியாமல் போகும். பிரதிக்கு உரியது உங்கள் பதிவேட்டில் ஏறும் அக்சஷன் எண். ஐபிஎம் ஆய்வகத்தின் இ. எஃப். காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் பிரைமரி கீயை விளக்கும்போது, உதிரிப் பாகத்தின் எண் கீ ஆகும், அதன் நிறம் கீ ஆகாது என்று எடுத்துக்காட்டினார். பாகங்களின் வகைகளைப் பட்டியலிடும் அட்டவணை என்பதால்தான் அங்கே பாக எண் பொருந்தியது.

பதிப்புகளுக்கென்று தனி அட்டவணை வைத்தாலும் ஐஎஸ்பிஎன் பிரைமரி கீ ஆவதற்கில்லை. அந்த முறை வருவதற்கு முன் அச்சான தமிழ் நூல்கள் உங்கள் ஊர் நூலகங்களில் ஏராளம்; அவற்றுக்கு அந்த எண்ணே இல்லை, பிரைமரி கீயோ காலியாக இருக்கக் கூடாது. 2007 தொடக்கத்தில் அந்த எண் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமாக மாறியதையும் எண்ணிப் பாருங்கள். பதிப்புக்கு உங்களுடைய எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஐஎஸ்பிஎன்னை யூனிக் கீயாக வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் யூனிக் கீயில் காலி மதிப்புகள் பல இருப்பதை அனுமதிக்கும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றை மட்டுமே அனுமதிக்கும் என்பதால் அங்கே காலியானவற்றை விலக்கி இன்டெக்ஸ் போட வேண்டும். விளக்கத்தில் இவ்வாறு எழுதுங்கள்: 'ஐஎஸ்பிஎன் இல்லாத நூல்களுக்கு இந்த இடத்தைக் காலியாக விடவும், சுழியமோ சிறு கோடோ இட வேண்டாம். அவ்வாறு இட்டால், ஐஎஸ்பிஎன் இல்லாத இரண்டாவது நூலைப் பதிய முடியாது.'