பெரிய பாவம் பண்ணவங்களையும் கடவுள் ஏத்துக்குவாரா? பைபிள்ல எதை வாசிச்சா நம்பிக்கை வரும்?

இதுக்கு நிறைய பேர் கெட்ட குமாரன் உவமைய, அதாவது வீட்ட விட்டுப் போய் கெட்டுப்போன மகன் திரும்பி வர்ற கதைய சொல்வாங்க, அதுவும் சரிதான். ஆனா என்னைத் தாங்கிப் பிடிச்சது பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமத்துல 33-ஆம் அதிகாரம், அண்ணன் தம்பியான ஏசாவும் யாக்கோபும் திரும்ப சந்திக்கிற இடம்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். கண்ணு மங்கிப்போன அப்பா ஈசாக்குகிட்ட யாக்கோபு அண்ணன் ஏசா மாதிரி நடிச்சு, கையில கழுத்துல ஆட்டுத்தோல சுத்திகிட்டு போய், அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்த வாங்கிடுறான். ஏசா கதறி அழுறான், இவன கொல்லணும்னு முடிவு பண்றான். யாக்கோபு ஆரானுக்கு ஓடிப்போய் மாமா லாபான் வீட்ல 20 வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பும்போது சேதி வருது, ஏசா 400 ஆளோட எதிர்ல வர்றான்னு.

யாக்கோபு என்ன பண்றான்னு பாருங்க. ஜெபம் பண்றான், கூடவே வெள்ளாடு, செம்மறி, பால் குடுக்குற ஒட்டகம், மாடு, கழுதைனு 550 உருப்படிக்கு மேல மந்தை மந்தையா இடைவெளி விட்டு முன்னாடி அனுப்புறான், முதல்ல வெகுமதிய பார்த்து அண்ணன் மனசு ஆறட்டும், அப்புறம் ஒருவேளை என்னை ஏத்துக்குவான்னு. அந்த "ஒருவேளை" இருக்கே, அதுலதாங்க நம்மள்ல பாதி பேர் வாழுறோம். உபவாசம், பொருத்தனை, காணிக்கைனு ஒவ்வொண்ணா முன்னாடி அனுப்பிட்டு நாம பின்னாடி பயந்துகிட்டே நிக்கிறோம்.

அன்னைக்கு ராத்திரி யாப்போக்கு ஆத்தங்கரையில விடியவிடிய ஒருத்தரோட போராடி தொடைச்சந்து சுளுக்கி, காலைல நொண்டி நொண்டி வர்றான். அந்தக் காலோடயே ஏழு தடவ தரையில விழுந்து கும்பிடுறான். ஏசா ஓடி வர்றான்! கட்டிப்பிடிச்சு, கழுத்த கட்டிகிட்டு முத்தம் குடுக்குறான், ரெண்டு பேரும் அழுறாங்க. வழியில அந்த மந்தைகள பார்த்துட்டுதான் வந்திருக்கான், ஆனா கட்டிப்பிடிச்சு அழுததுக்கு அப்புறம்தான் அதெல்லாம் எதுக்குன்னே கேக்குறான், கேட்டுட்டு எனக்கு போதுமானது இருக்கு தம்பி, உன்னுது உனக்கே இருக்கட்டும்னு சொல்றான். யாக்கோபு வற்புறுத்துனதால தான் வாங்கிக்கிறான். அப்பதான் யாக்கோபு சொல்றான், உங்க முகத்த பார்த்தது தேவனோட முகத்த பார்த்த மாதிரி இருக்கு, என்மேல தயவா இருந்தீங்களேன்னு.

நான் அடிக்கடி நின்னு வாசிக்கிற வசனம் இதுதான். ஏமாத்தப்பட்டவன், கோபக்காரன், ஒரு சாதாரண மனுஷன், அவனாலயே இப்படி ஓடி வர முடியும்னா நம்மள உண்டாக்குன ஆண்டவர் எப்படி வருவார்? லூக்கா 15-ல இயேசு சொல்ற அந்தக் கெட்ட குமாரனோட அப்பாவும் இதே மாதிரிதான் ஓடிப்போய் மகன் கழுத்த கட்டிகிட்டு முத்தம் குடுக்குறார், மகன் மன்னிப்பு கேட்டு வாய் திறக்குறதுக்கு முன்னாடியே.

இன்னொன்னு. சமாதானம் ஆனதும் எல்லாம் பழையபடி ஆயிடல. ஏசா சேயீருக்கு போயிடுறான், யாக்கோபு அவன் பின்னாடி வர்றேன்னு சொல்லிட்டு சுக்கோத்துக்கு போறான். ஆனா அப்பா ஈசாக்கு இறந்தப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் அடக்கம் பண்றாங்க (35:29). அதனால நீங்க யாருக்காவது தீங்கு பண்ணிருந்து, அவங்க இன்னும் உங்ககூட பழசு மாதிரி பேசலன்னா, அத வச்சு ஆண்டவரும் உங்கள தள்ளிட்டார்னு நினைக்காதீங்க. 27, 32, 33 மூணு அதிகாரத்தையும் ஒரே மூச்சுல வாசிச்சு பாருங்க, முடிஞ்சா சத்தமா.