பழைய பொம்மைகள்: வாசகர் கேள்வி, என் பதில்

கேள்வி: பரணை ஒதுக்கும்போது, சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார் ஒன்று கிடைத்தது. அடியில் 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று இருக்கிறது. ஓரமெல்லாம் துரு. பெயின்ட் அடித்துப் புதிதாக்கிவிடலாமா? (வாசகி, காரைக்குடி)

வேண்டவே வேண்டாம் அம்மா. பிரஷ்ஷை எடுத்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அந்த நான்கு சொற்கள்தான் உங்கள் காரின் பிறப்புச் சான்றிதழ். போரில் தோற்ற ஜப்பான் நேச நாடுகளின் பிடியில் இருந்தபோது, 1947க்கும் 1952க்கும் இடையில், ஏற்றுமதிச் சரக்கில் பொறித்த வாசகம் அது. நாடே இடிந்து கிடந்த நேரத்தில் அங்கே முதலில் எழுந்து நின்ற தொழில்களில் பொம்மைத் தொழிலும் ஒன்று. 1945 கடைசியில் கொசுகே மாத்சுஸோ என்பவர், அமெரிக்கப் படையினர் தூக்கிப்போட்ட காலி டின்களை வாங்கி, தட்டி நிமிர்த்தி, சின்னச் சின்ன ஜீப் பொம்மைகள் செய்தார். கியோட்டோ கடையில் விலை 10 யென். குழந்தைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். அதில் இருப்பது பெரும்பாலும் பிரஷ்ஷால் பூசிய பெயின்ட்டாக இருக்காது. தட்டையான தகரத் தகட்டிலேயே ஜன்னல், டிரைவர் முகம், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் வண்ணத்தில் அச்சடித்து, அப்புறம்தான் வெட்டி வளைத்திருப்பார்கள். அதன் மேல் பெயின்ட் பூசினால் டிரைவரே காணாமல் போய்விடுவார். சேகரிப்பவர்கள் தேடுவது அந்த அச்சைத்தான். பூசிய பொம்மைக்கு விலை விழும். பூசியதைச் சேதமில்லாமல் எடுக்கவும் முடியாது.

காய்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் கிட்டே போகக் கூடாது. ஸ்பிரிங் இறுகியிருந்தால் சாவியை வம்பாக முறுக்காதீர்கள். தையல் மெஷின் எண்ணெயில் ஊசி நுனியைத் தொட்டு, பல்சக்கரத்தின் அச்சில் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்ளே பார்க்கும் ஆசையில், பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தகர நாக்குகளை நிமிர்த்தவும் கூடாது. இரண்டு மூன்று முறை மடக்கினால் ஒடிந்துவிடும். என் மேசையில் இருக்கும், சாவி கொடுத்தால் கொத்தும் தகரக் கோழிக்கும் வாலில் துரு உண்டு. அப்படியே வைத்திருக்கிறேன், இன்னும் கொத்துகிறது.

கேள்வி: பாட்டி வைகுண்ட ஏகாதசி இரவில் விளையாடிய பரமபதத் தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது. லேமினேட் செய்தால் காப்பாற்றலாமா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது. ஒட்டினால் ஒட்டியதுதான், பிரித்தால் பாம்பும் ஏணியும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். செலோடேப்பும் சில வருடத்தில் மஞ்சளாகி, தாளில் பசைக் கறையை விடும். தாளை மடிக்காமல், அமிலமில்லாத இரண்டு காகிதங்களுக்கு நடுவே சமமாக வையுங்கள். சட்டம் போடுவதானால் கண்ணாடி தாளில் படக் கூடாது, வெயிலும் படக் கூடாது. விளையாட ஆசையா? வண்ண நகல் எடுத்து, பாட்டியின் தாயக்கட்டையையே உருட்டுங்கள். பித்தளைக் கட்டைக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: தாத்தா சிறுவயதில் விளையாடிய, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி என்ற உலோகப் பொம்மைக் கார் யாரும் தொடாமலே வெடித்து உதிர்கிறது. ஏன்? (வாசகர், யாழ்ப்பாணம்)

லிவர்பூல் மெக்கானோ கம்பெனி 1930களில் வார்த்த டிங்கி கார்கள் பலவற்றுக்கு இந்த நோய் உண்டு. துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், வருடக்கணக்கில் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, விரிசல் விடும். தப்பு வார்ப்பிலேயே இருக்கிறது, நீங்கள் வைத்திருந்த விதத்தில் இல்லை. இதற்கு மருந்து கிடையாது. ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வைத்தால் வேகம் குறையும். உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கி அதே பெட்டியில் போட்டு வையுங்கள், இப்போதே நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் மற்ற கார்களுக்கு இது தொற்றாது, பிரித்து வைக்க வேண்டியதில்லை.